மழையில் மலைச் சைக்கிள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் நவம்பரில் ஒரு வார இறுதிக்குக் கோத்தகிரி பக்கம் தனியார் எஸ்டேட் ஒன்றில் டென்ட் போட்டுத் தங்கினோம். எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளில் இரண்டு நாளும் சைக்கிள் ஓட்டுவதாகத் திட்டம். சனிக்கிழமை மதியம் பிடித்த மழை விடவே இல்லை. நனைந்தபடியே ஓட்டினோம். அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை. ஞாயிறு காலை ஒருவன் "இனி ஓட்ட வேண்டாம், கீழே இறங்கிடலாம்" என்றான். இன்னும் இரண்டு பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஆத்திரம். பேச்சு முற்றிப்போய், கோவை வரும்வரை யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மழைக்குப் பயப்படுகிறவன் மலைக்கு எதற்கு வரவேண்டும்? நான் கேட்டது தவறா?

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் சனிக்கிழமையின் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேயிலைச் சரிவில் மழை இறங்கும்போது நண்பர்களோடு வண்டி ஓட்டுவது பெரிய இன்பம்தான். ஆனாலும் உங்கள் நண்பர் சொன்னதே சரி. அவரைப் பயந்தவர் என்று நினைக்காதீர்கள்.

முதலில் பாதையைப் பற்றி. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையை யாரும் நமக்காகப் போட்டு வைக்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் திங்கட்கிழமை காலை அதே வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். நடப்பவர் காலடி ஈர மண்ணில் தனித்தனிக் குழிகளாகப் பதிகிறது. சைக்கிள் டயர் மேலிருந்து கீழ்வரை அறுபடாத ஒரே கோடாகக் கீறிவிடுகிறது. சரிவில் பின் பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் நின்று இழுபடுகிறதே, அப்போது அந்தக் கோடு இன்னும் ஆழமாகிறது. அடுத்த மழையின் தண்ணீர் பாதையை விட்டு ஓரமாக வடியாமல் அந்தக் கோட்டிலேயே இறங்கி மண்ணை அரிக்கும். இரண்டு மூன்று மழையில் பாதை வாய்க்காலாகிவிடும்.

கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1970-களில் நண்பர்கள் சிலர் பழைய சைக்கிள்களோடு மண் சாலையில் இறங்கிப் பந்தயம் விட்டதிலிருந்துதான் இந்த விளையாட்டு பெருகியது. அடுத்த பத்தாண்டிலேயே நடைபயணிகளும் குதிரைக்காரர்களும் எதிர்த்ததால் அங்கே பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அதன் பிறகு 1988-இல் சைக்கிள்காரர்களே சேர்ந்து சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த விதிகளில் ஒன்று, பாதை ஈரத்தில் இளகியிருந்தால் வேறு வழி பாருங்கள் என்பது. அனுபவித்துத் தெரிந்துகொண்டு எழுதிய விதி அது.

நீலகிரியில் இது இன்னும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழைக்குக் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் இலக்கு. நீங்கள் போனது சரியாக அந்த மாதம். 2009 நவம்பர் மழையில் இதே மலையில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைக்கிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மாதத்தில் சரிவு எவ்வளவு தளர்ந்து நிற்கும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். போதாததற்கு, கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியும் காட்டுமாடும் நடமாடுகின்றன. மழைச் சத்தத்தில் சைக்கிள் வருவது அவற்றுக்குக் கேட்காது, மூடுபனியில் உங்களுக்கும் அவை தெரியாது. வளைவில் திடீரென்று எதிரெதிரே நின்றால் இரு தரப்புக்கும் ஆபத்து.

இனி அந்த இரவு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாருடைய படுக்கை நனைந்தது, யாரிடம் மாற்றுத்துணி இல்லை, யார் தூங்கவே இல்லை என்று கேட்டீர்களா? டென்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைத்தண்ணீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து சேர்க்கும். பலர் விடிய விடிய நனைவது இதனால்தான். பருத்திச் சட்டை ஈரமானால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கடுங்குளிர் வேண்டியதில்லை, 10 டிகிரியிலேயே ஈர உடம்பு ஆபத்தான அளவு சூடு இழக்கும். முதலில் நடுக்கம் வரும், பிறகு பேச்சு குழறும், கை பிரேக்கைப் பிடிக்காது. அந்தக் கையோடு ஈரச் சரிவில் இறங்கச் சொல்வது நட்பு அல்ல. ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அடுத்த முறை கிளம்பும் முன்பே ஒன்று பேசி வையுங்கள்: ஐவரில் யார் "போதும்" என்றாலும் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொண்டால் மண்பாதையை விட்டுவிட்டு கோடநாடு தார்ச்சாலையில் ஓட்டுங்கள். சாலை முடியும் இடத்தில் மேகம் விலகினால் கீழே மாயாறு பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். சேற்றில் ஓட்டிய வண்டியின் பிரேக் பேடுகளை இந்த வாரமே கழற்றிப் பாருங்கள். மணல் கலந்த ஈரத்தில் ஒரே நாளில்கூட வெகுவாகத் தேய்ந்திருக்கும்.

அந்த நண்பரை இன்றே கூப்பிட்டு, அன்றிரவு எப்படிப் போனது என்று கேளுங்கள். ஜனவரியில் மண் இறுகியிருக்கும். எந்த வாரம் போகலாம் என்று அவரே சொல்லட்டும்.