மூலையில் கண்கள் கொண்ட ஜேட்: வீட்டில் வைக்கலாமா?

கேள்வி: ஹாங்காங் கடையொன்றில் ஜேட் கல் பொருள் ஒன்று வாங்கினேன். வெளியே சதுரம், நடுவே வட்டத் துளை, மூலைகளில் கண்கள். மிகப் பழையது, வானத்தையும் பூமியையும் குறிப்பது என்றார் கடைக்காரர். கல்லறைச் சாமான், வீட்டில் வைக்காதே என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: உங்களிடம் இருப்பது 'ட்சொங்' வடிவம். சீனாவின் ஹாங்சோ நகரருகே கி.மு. 3300 முதல் 2300 வரை தழைத்த லியாங்ஜு மக்கள் செய்துவந்த வடிவம் அது. அவை பெரும்பாலும் கல்லறைகளில்தான் கிடைத்தன; அந்த அளவில் மாமியார் சொல்வது சரி.

கடைக்காரர் சொன்ன விளக்கம் 'ஜோ லி' என்ற சடங்கு நூலிலிருந்து வருகிறது. வட்டத் தகடான 'பீ'யால் வானத்தையும் மஞ்சள் ட்சொங்கால் பூமியையும் வழிபடச் சொல்கிறது அது. ஆனால் அந்த நூல் எழுதப்பட்டது லியாங்ஜு மறைந்து ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கழித்து. அதை லியாங்ஜுக்காரர்களின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் சியன்லோங்கே இதை வண்டித் தண்டில் மாட்டும் பூண் என்றுதான் நினைத்தார்!

அவர்கள் மனதில் இருந்ததை அறிய அந்த மூலைகளைத்தான் பார்க்க வேண்டும். 1986-இல் ஃபான்ஷான் என்ற லியாங்ஜு இடுகாட்டின் 12-ஆம் எண் கல்லறையில் கிடைத்த ட்சொங்கின் எடை 6.5 கிலோ. அதில் இறகுக் கிரீடம் அணிந்த மனிதன், உருண்டைக் கண் விலங்கொன்றின் மேல் அமர்ந்திருக்கிறான். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பல கோடுகள்! இரும்பே இல்லாத காலம். ஜேட்டை மணலும் நீரும் கொண்டு தேய்த்துத் தேய்த்துத்தான் அறுத்தார்கள். மூலைகளில் அதே முகம் சுருங்கி, மூக்கு சரியாக விளிம்பில் வந்து நிற்கும். இவ்வளவு உழைப்பைக் கொட்டிய பொருள் ஊரில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மேல்தட்டினரின் கல்லறைகளில்தான் குவிந்து கிடக்கிறது. தெய்வத்தோடு பேசும் அதிகாரத்தின் அடையாளம் என்றே நான் கொள்கிறேன்.

சரி, உங்களுடையது பழையதா? துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழையவற்றை இரு பக்கமிருந்தும் குடைந்ததால் நடுவில் சிறு படி தெரியும். நேராக, வழவழவென்று போனால் அநேகமாக இயந்திர வேலை. படி இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும். கத்தியால் கீறிப் பார்க்கவே வேண்டாம். சீனச் சட்டப்படி இவ்வளவு பழைய பொருளை விற்பதற்காகச் சீனப் பெருநிலத்தைவிட்டு வெளியே கொண்டுவரவே கூடாது. அதனால் கடையில் சாதாரணமாக விற்கும் ட்சொங் அநேகமாகப் புதிது. எந்தக் கல்லறைக்கும் போயிருக்காது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், தாராளமாக வரவேற்பறையில் வையுங்கள்.