வருங்கால ஆசிரியராக, வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்த நினைக்கிறீர்கள்?

நீங்களும் ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், இக்கேள்வி உங்களுக்கு ஒப்படைப்பாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சி பெற்றுவருகிறேன். பிள்ளைகள் தாமாகப் பார்க்க முடியாததைக் காட்டத் திரையைப் பயன்படுத்துவேன். காட்டி முடித்ததும் அணைத்துவிடுவேன்.

இந்த முடிவுக்கு நான் வரக் காரணம், யு.பி. (உயர் தொடக்கநிலை) வகுப்பில் எடுத்த வளர்பிறை, தேய்பிறைப் பாடம். ஒரு மாதம் நிலவைப் பார்த்து வரைந்து வரச் சொல்வதே நல்ல முறை. ஆனால் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் மலையில் பல நாள் நிலவே தெரியாது. எனவே ஸ்டெல்லேரியம் என்னும் கட்டற்ற மென்பொருளில் எங்கள் ஊரைக் குறித்து, மாலை 7 மணி வானத்தை நாள் நாளாக நகர்த்திக் காட்டினேன். பௌர்ணமி வரை கிழக்கே தள்ளித் தள்ளிப்போய் வளர்ந்த நிலவு, அதன்பின் அந்நேரத்து வானத்தில் இல்லை. எங்கே போயிற்று என்று பிள்ளைகளே கேட்டார்கள். நேரத்தை விடியற்காலைக்கு மாற்றியதும், தேயத் தொடங்கிய நிலவு மேற்கில் நின்றது. மழைக்காலத்தில் இதை வேறு எப்படிக் காட்டியிருக்க முடியும்?

ஆனால் நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டபோது, பூமியின் நிழல் விழுவதால் என்றே பலரும் சொன்னார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில்தான். பூமியிலிருந்து தெரியும் காட்சியை மட்டுமே நான் திரையில் காட்டியிருந்ததால், அந்த எண்ணம் அசையவில்லை. புரொஜெக்டரை அணைத்து, சன்னல்களை அடைத்து, நடுவில் ஒரு பல்பை எரியவிட்டு, பந்தைத் தலைக்குச் சற்று மேலாகக் கைநீட்டிப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொன்னேன். பந்தின் ஒரு பாதி எப்போதும் ஒளியில் இருக்கிறது, அதில் நமக்குத் தெரியும் பகுதிதான் மாறுகிறது என்பதை அவர்களே கண்டு சொன்னார்கள்.

அன்று வகுப்பைப் பார்வையிட்டவர், கருவி இருந்தும் பாதி நேரம் பயன்படுத்தவில்லை என்று குறிப்பெழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். மாணவர்களுக்கு என்ன விளங்கியது என்று அவர் கேட்கவே இல்லை. கருவி ஓடிய நேரத்தைக் கணக்கிடுவது எப்படிக் கற்பித்தலின் அளவுகோலாகும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதை வைத்து என்னைத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வழக்கமாக்கியதையும், 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தையும் நான் பெருமையாகவே கருதுகிறேன். ஆயினும் 2020 ஜூன் 1 அன்று கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த நிலையில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் இணையவழி, தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கியபோது, மலையாள வழிப் பாடங்கள் கேரள அரசின் கல்வி அலைவரிசையான விக்டர்ஸ் தொலைக்காட்சியிலேயே வந்தன; தமிழ்வழிப் பாடங்களுக்கு எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) பிள்ளைகள் யூடியூபை நம்ப வேண்டியிருந்தது, அங்கோ சிக்னல் கிடைப்பதே அரிது. அன்று மாணவராக இருந்து அதைப் பட்டவர்களில் நானும் ஒருவர்.

ஆகவே இணையம் இல்லாமல் இயங்குமா, தமிழில் விளக்கம் உண்டா என்ற இரண்டையும் பார்த்த பிறகே எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். தமிழ் விளக்கம் இல்லாத இடத்தில் என் குரலிலேயே பதிவுசெய்து பென்டிரைவில் சேர்த்துவருகிறேன். நிலவுப் பாடம் முடிந்துவிட்டது. இப்போது செரிமான மண்டலத்துக்குப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.