பயிர்க் காப்பீட்டுக்குப் போகும் வரிப்பணம் விவசாயிக்கு வருகிறதா?

"பயிர்க் காப்பீட்டுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மீதி எங்கள் வரிப்பணம், இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுகிறவராக இருப்பீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் எங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே எழுதியிருப்பதுதான் சுருக்கென்று தைத்தது.

பொன்னை ஆற்றோரம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 35,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு நாங்கள் கட்டுவது 525 ரூபாய். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அது போவது காப்பீட்டு நிறுவனத்துக்கு.

2021 நவம்பரில் ஆறு கரை மீறி வந்தது. பால் பிடித்த பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்ததும் நைனா ஒரு கதிரை உருவி நகத்தால் நசுக்கிப் பார்த்தார். பாலுக்குப் பதில் கறுத்த தண்ணீர் கசிந்தது. வரப்பே தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு மணல்.

72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமே என்று அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு வயலையும் தனியாகப் பார்த்து இழப்பீடு தரும் பாதிப்புகளிலிருந்து நெல் மூழ்குவதை 2018-லேயே எடுத்துவிட்டார்களாம். ஊரின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் இழப்பீடு என்றார்கள். அப்புறம் அந்தச் சராசரிக்காக ஊரில் நாலு வயலில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து அறுத்து எடை போட்டார்கள். நாலும் மேட்டு நிலம், கிணற்றுப் பாசனம், நல்ல விளைச்சல். எங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

உடனே "அப்படியானால் திட்டத்தையே மூடச் சொல்கிறாயா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2016-17 வறட்சியில் தமிழ்நாட்டுக்கு வந்த இழப்பீடு, கட்டிய மொத்தப் பிரீமியத்தைவிட அதிகம். ஊருக்கே பொதுவாக வரும் வறட்சிக்குச் சராசரிக் கணக்கு சரி. ஆற்றோரத்து நாலு வயலை மட்டும் அடித்துப் போகிற வெள்ளத்துக்குச் சரியில்லை. நெல் மூழ்குவதை 2026 காரீப் (ஜூனில் தொடங்கும் மழைக்காலப் பருவம்) முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. கேட்க வேண்டியது இதைத்தான்: வரிப்பணம் போகட்டும், நட்டப்பட்ட வயலை வந்து பார்த்துப் போகட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆற்று மணல் ராத்திரியில் லாரி லாரியாகப் போகிறது, கேட்பாரில்லை. எங்கள் பட்டா நிலத்தில் வெள்ளம் கொட்டிய மணலை அள்ளி வெளியே போட நாங்கள் அனுமதிக்கு மனு கொடுத்து அலைந்தோம். பாதி மணல் இன்னும் வடக்கு வரப்போரம் குவிந்து கிடக்கிறது.