7.5 ஒதுக்கீட்டுப் பட்டியலில் பேர் இல்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென 7.5 சதவீத இடம் ஒதுக்குகிறார்களே, அதைப் பற்றி.

டீச்சர், மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிதான், ஏழாவது மட்டும் வேறு ஊரில். பொறியியல் பொதுத் தரவரிசையில் பேர் இருக்கிறது, 7.5 பட்டியலில் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமா?

கோர்ட்டுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? பட்டியல் வந்ததும் குறை சொல்லச் சில நாள் தருவார்கள், அதுதான் உங்கள் மேல்முறையீடு, அதை விட்டால் கவுன்சலிங் சுற்றுகள் ஓடிவிடும். அநேகமாக அந்த ஏழாவது வகுப்புதான் சிக்கல். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அங்கே படித்ததற்கான போனஃபைடு சான்று வாங்குங்கள், கல்வியாண்டு டிசியோடு பொருந்துகிறதா, எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) அரசுப் பள்ளி என்றே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்தில் கொடுங்கள். மனு அரைப் பக்கம் போதும். குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதாதீர்கள், அவர்கள் பார்ப்பது எந்த வருடம் எந்தப் பள்ளி என்பதை மட்டும்தான். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வருமானச் சான்று வைக்கணுமா?

வேண்டாம்.

எட்டாவது வரை ஆர்டிஇ-யில் (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடம்) தனியார் பள்ளி, அப்புறம் அரசுப் பள்ளி. தகுதி இல்லை என்கிறார்கள்.

தகுதி உண்டு, சட்டத்திலேயே இருக்கிறது. ஆர்டிஇ-யில் சேர்த்ததாகத் தனியார் பள்ளியின் சான்று வேண்டும். ஃபீஸ் கட்டிப் படித்திருந்தால் கிடையாது.

அரசு உதவிபெறும் பள்ளி நாங்கள். ஆசிரியர்களுக்கு அதே சம்பளம், பிள்ளைகளுக்கு அதே பாடப்புத்தகம். அப்பீல் பண்ணினால் கிடைக்குமா?

கிடைக்காது. 2020 மருத்துவச் சட்டமும் 2021 தொழிற்கல்விச் சட்டமும் அரசுப் பள்ளி என்று சொல்வதில் மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் வரும், நீங்கள் வரமாட்டீர்கள்.

கல்லூரி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் மட்டும் 2024-ல் எங்களுக்கும் வந்ததே?

அது அரசு தானே ஆணை போட்டு விரிக்கக்கூடிய திட்டம். இதற்குச் சட்டமன்றத்தில் திருத்தம் வரணும், மனுவை வாங்கும் அதிகாரியால் முடியாது.

அப்படியானால் அநியாயம்தானே?

கிராமத்தில் ஒரே பள்ளி உதவிபெறும் பள்ளியாக இருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஏன் வந்தது என்றும் பாருங்கள். நீட் வந்தபின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை, நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5 கொடுத்தது, முதல் வருடமே 400 இடங்களுக்கு மேல் கிடைத்தன. 2022-ல் உயர் நீதிமன்றமும் சட்டத்தை ஏற்றது. இத்தனை சிறிய பங்கில் நகரத்துப் பெரிய உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தால் மலைக்கிராமத்துப் பிள்ளை மறுபடி வெளியேதான். உங்களுக்கென்று தனிப் பங்கு கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

புதுச்சேரி மாணவர் நான்…

உங்கள் ஊரில் மருத்துவத்துக்குத் தனியாக 10 சதவீதம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் இருபதாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். குறை சொல்லக் காசே கிடையாது.

டீச்சர், வருமானச் சான்று…

மேலே பாருங்கள் அம்மா.