வைட்டமின் டி 14: மாரடைப்புக்கு அறிகுறியா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46, உயரம் 165 செ.மீ., எடை 94 கிலோ. முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. அது குறைந்தால் மாரடைப்பு வரும் என்கிறார்கள். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. ஏற்காட்டில் மைத்துனர் வீட்டில் ஒரு மாதம் தங்கிக் காலை ஆறரை மணி வெயிலில் நடந்தால் சரியாகுமா? ரத்த அழுத்த மாத்திரையைத் தலைசுற்றல் நின்றதும் விட்டுவிட்டேன்; இப்போது 152/96 இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்தது கடைசி வரிதான். இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. ஆகவே 14 குறைவுதான். நாள் முழுவதும் பட்டறைக்குள் பற்றவைப்பும் மெருகுமாக உட்கார்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். பெரிய காரணம் எடை. உங்கள் உடல் நிறை குறியீடு 34-ஐத் தாண்டுகிறது. நம் நாட்டவருக்கு 25-லேயே உடற்பருமன் தொடங்கிவிடுகிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து. ஒரு குடம் தண்ணீரில் கரித்த ஒரு கைப்பிடி உப்பு, ஒரு தொட்டித் தண்ணீரில் நாக்குக்கே தெரியாமல் போவதுபோல, பெருத்த உடலில் அதே அளவு சத்து பரவி நீர்த்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே அளவு புற ஊதாக் கதிர் பட்டும், பருமனானவர்களின் ரத்தத்தில் ஏறிய வைட்டமின் டி மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவாக இருந்தது. எடை கூடினால் வைட்டமின் டி குறைகிறது என்பதை மரபணு ஆய்வுகளும் காட்டின. வைட்டமின் டி குறைவதால் எடை கூடுகிறது என்பதற்கு அவற்றில் சான்று கிடைக்கவில்லை.

இதயத்துக்கு வருவோம். வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இதயநோய் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால், பருமனும் நடமாட்டக் குறைவும் இரண்டையும் ஒருசேரக் கொண்டுவருகின்றன. வைட்டமின் டியைக் கூட்டினால் மாரடைப்பு குறையுமா என்று 25,871 பேரிடம், தினமும் 2,000 அலகு கொடுத்து, ஐந்தாண்டுக்கும் மேல் பார்த்த அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் அந்த மறுப்பை நம்பி இதயத்தை வைட்டமினிடம் ஒப்படைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். வானம் தெளிந்த நாளில் புற ஊதாக் கதிர் அங்கே சேலத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் மூடுபனி இறங்கினால் அந்த லாபம் போய்விடும். நீங்கள் சொல்லும் காலை ஆறரை மணி வெயிலில், எங்கே நின்றாலும், நமக்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரமே சரியான நேரம். அதைப் பட்டறை வாசலிலேயே, கையும் காலும் படும்படி, தினம் இருபது நிமிடம் செய்யலாம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. மைத்துனர் வீட்டுக்குப் போங்கள். மேட்டில் ஏறி இறங்குவது இடுப்புச் சுற்றளவுக்கு நல்லது.

எலும்புக்கும் தசைக்கும் குறைபாட்டை நிரப்பத்தான் வேண்டும். வழக்கமாக 60,000 அலகு, வாரம் ஒன்று, எட்டு வாரம். பருமனானவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம் என்பதால் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாக விழுங்கி, கால்சியம் ஏறி, வாந்தியும் ஓயாத தாகமுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 152/96. தலைசுற்றல் நின்றது மாத்திரை வேலை செய்ததால்கூட இருக்கலாம். அழுத்தம் உயர்ந்திருப்பதைப் பெரும்பாலும் உடல் காட்டிக்கொடுப்பதில்லை. 55 வயதுக்கு முன் தந்தைக்கு மாரடைப்பு வந்திருப்பது தனியே ஓர் எச்சரிக்கை. இந்த வாரமே பழைய மாத்திரை அட்டையுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். அட்டையில் குளோர்தாலிடோன் அல்லது ஹைட்ரோகுளோரோதையசைடு என்று இருந்தால் அதை அவரிடம் காட்டிச் சொல்லுங்கள். அவை வைட்டமின் டியுடன் சேரும்போது கால்சியத்தை மேலும் ஏற்றக்கூடும். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். வைட்டமின் டியை மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் போதும்.