டப்பா எத்தனை நாளைக்கு வருதுன்னு கேளுங்க

கேள்வி: மேடம், என் ஃப்ரெண்டுக்கு கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு பொறந்த பையன், இப்ப மூணரை மாசம். எனக்கும் ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா, அதனால வாரம் ஒரு தடவையாவது போய் பாத்துட்டு வருவேன். பால் பத்தலன்னு தாய்ப்பாலை ரெண்டு மாசத்துலயே நிறுத்திட்டா. இப்ப டப்பா பால்தான், ஆனா 120 மில்லி தண்ணிக்கு ரெண்டே ஸ்பூன் பவுடர் போடுறா, கேட்டா "கெட்டியா குடுத்தா மந்தமாயிடுதுடி, ரெண்டு நாள் வெளிய போக மாட்டேங்குறான்"ங்கிறா. சாயந்திரம் அவ மாமியார் ராகிப் பால் காய்ச்சி சங்குல ஊட்டுறாங்க. கிரைப் வாட்டர் வேற. பையன் இளைச்ச மாதிரி எனக்குப் படுது. சொன்னா தப்பா எடுத்துப்பாளோன்னு வாயே தொறக்கல. என்ன பண்ணட்டும்? (திருப்பூர் வாசகி)

பதில்: சொல்லணும்ங்க, இந்த வாரமே சொல்லணும். ஆனா நீங்க எழுதியிருக்கிற நாலையும் ஒரே மூச்சுல கொட்டிடாதீங்க. தாய்ப்பால் நிறுத்துனது, பவுடர் கம்மி, ராகி, கிரைப் வாட்டர்னு நாலு விஷயம் இருக்கு, இதுல நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாதது அந்த ரெண்டு ஸ்பூன் ஒண்ணுதான். நாலையும் சேத்து சொன்னீங்கன்னா அவ காதுல "நீ நல்ல அம்மா இல்ல"ன்னுதான் விழும், ஸ்பூன் விஷயம் அதோட அமுங்கிப்போயிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை, அந்த டப்பாவ கையில எடுத்து பின்னாடி இருக்கிற அட்டவணைய நீங்களே படிச்சிடுங்க. நம்ம ஊர்ல விக்கிறதுல பெரும்பாலும் 30 மில்லி தண்ணிக்கு சமமா வழிச்ச ஒரு ஸ்பூன், அப்ப 120க்கு நாலு போடணும். ஆனா யாராவது வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்த டப்பான்னா அதுல 60 மில்லிக்கு ஒரு ஸ்பூன்னும் வரும், ஸ்பூனே பெருசா இருக்கும், அப்படின்னா உங்க ஃப்ரெண்ட் போடுறதுதான் சரி, தெரியாம நீங்க போய் சண்டை போட்டுட்டு வந்தா அசிங்கமாயிடும். ஒரு பிராண்டு ஸ்பூனை இன்னொரு டப்பாவுல போட்டு வச்சிருக்காங்களான்னும் பாருங்க, பழைய டப்பா ஸ்பூன் நல்லாருக்குன்னு எடுத்து வச்சுக்கிறது நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன்.

சரி, நம்ம ஊர் டப்பாதான்னு வச்சுக்குவோம். ஒழுங்கா கலக்குன பால் 100 மில்லில ஏறக்குறைய 67 கலோரி இருக்கும். 120 மில்லி எட்டு தடவை குடிச்சா 960 மில்லி, 640 கலோரி கிட்ட வரும், ஆறு கிலோ பையனுக்கு அது தாராளம். இவ கலக்குறதுல அது பாதி, 320தான். வயிறு ரொம்புது, பிள்ளை தூங்குது, பாக்குறவங்களுக்கு குறை தெரியாது, ஆனா உடம்புல ஏறாது. இன்னொரு ஆபத்தும் இருக்கு, பெரியவங்க மாதிரி அதிகத் தண்ணிய வெளியத் தள்ள அந்த வயசு கிட்னிக்கு தெம்பு பத்தாது, ரத்தத்துல உப்பு இறங்கிடும், இறங்குனா பிள்ளை துவண்டுபோகும், ஃபிட்ஸ் வரைக்கும் போகும். நான் வார்டுல இருந்தப்ப அப்படி ஒரு நாலு மாசப் பாப்பா ராத்திரி ஃபிட்ஸோட வந்துச்சு, காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, அம்மாவ உக்கார வச்சு பால் எப்படிம்மா கலக்குறீங்க, கலக்கிக் காட்டுங்கன்னு கேட்டோம், அந்தப் பொண்ணு டம்ளர் நிறைய தண்ணி ஊத்தி மேலாக்க ஒரு ஸ்பூன் பவுடர் தூவுனா. அவ மேல தப்பே இல்ல, அவளுக்கு யாருமே கலக்கிக் காட்டுனதில்ல. 1992லயே சட்டம் போட்டு டப்பா பால் விளம்பரத்த நிறுத்திட்டாங்க, அது நல்லதுதான், தாய்ப்பாலே சிறந்ததுன்னு டப்பா மேலயே அச்சடிச்சிருக்கும், ஆனா வேற வழியில்லாம வாங்குறவளுக்கு எப்படிக் கலக்கணும்னு சொல்லித்தர்றதுக்கு மட்டும் ஆள் இல்ல, இது என் பல வருஷத்து ஆதங்கம்.

இப்ப மந்தம். டப்பா பால் குடிக்கிற பிள்ளை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வெளிய போனா அது வியாதி இல்ல, களி மாதிரி மெத்துன்னு வந்தா விட்டுடலாம். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையா, அழுது முக்கிப் போனாதான் மலச்சிக்கல், அதுக்கும் டாக்டர்கிட்ட போகணுமே தவிர பால்ல தண்ணி ஊத்துறது மருந்து இல்ல.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மந்தம்ங்கிறது வெளிய சொல்ற காரணமாவும் இருக்கலாம். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 32 ஸ்பூன், ஒரு ஸ்பூன் நாலரை கிராம் சுமார், 144 கிராம் ஆச்சு. 400 கிராம் டப்பா மூணு நாள் கூட முழுசா வராது. மாசத்துக்கு பத்து பதினோரு டப்பா! ஒருத்தர் சம்பளத்துல ஓடுற வீட்டுல இது எவ்வளவு பெரிய அடின்னு யோசிங்க. இதை எந்தப் பொண்ணும் சிநேகிதிகிட்ட வாய்விட்டு சொல்ல மாட்டா, மந்தம்னுதான் சொல்லுவா. அதனால "ஏன் ரெண்டு ஸ்பூன் போடுற"ன்னு ஆரம்பிக்காதீங்க, "டப்பா எத்தனை நாளைக்குடி வருது, எங்க வீட்டுல பால் செலவே கட்டுப்படியாகல"ன்னு பேச்சோட பேச்சா கேளுங்க. அஞ்சாறு நாள் வருதுன்னு சொன்னான்னா உங்களுக்கு பதில் கிடைச்சிடுச்சு. ரெண்டு டப்பா வாங்கிக் குடுக்க முடிஞ்சா குழந்தைக்கு சொக்காய் பொம்மைக்குப் பதிலா அதையே வாங்கிட்டுப் போங்க. குடுக்கும்போதே "இங்க பாரு, இதுல 120க்கு நாலுன்னு போட்டிருக்கான், நீ ரெண்டுன்னுல்ல சொன்ன, வா ஒரு தடவை சேந்து கலக்குவோம்"னு சொல்லுங்க. கொதிச்ச தண்ணிய முதல்ல பாட்டில்ல அளந்து ஊத்தணும், அதுக்கப்புறம்தான் பவுடர். குவிச்சும் போட வேணாம், அமுக்கியும் போட வேணாம், கத்தி முதுகால வழிச்சு விட்டா போதும். நல்லா ஆற வச்சு கை மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்து குடுக்கணும், மிச்சம் வச்ச பாலை எடுத்து வச்சு அடுத்த வேளைக்குக் குடுக்கக் கூடாது.

"இளைச்ச மாதிரி படுது"ன்னு எழுதியிருக்கீங்க, படுறதெல்லாம் கணக்குல சேராது, சில குழந்தைங்க உடல்வாகே ஒல்லி. ஊசி அட்டைய வாங்கிப் பாருங்க. மூணரை மாசம்னா 14வது வார ஊசி இப்பதான் போட்டிருப்பாங்க, 6வது வாரம் 10வது வாரம் 14வது வாரம்னு மூணு இடத்துலயும் எடை எழுதியிருக்க வாய்ப்பிருக்கு. முதல் மூணு மாசம் நாளைக்கு 20ல இருந்து 30 கிராம் ஏறணும், அப்படின்னா 6க்கும் 14க்கும் நடுவுல ஒரு கிலோவுக்கு மேல கூடியிருக்கணும். கூடியிருந்தா நிதானமா பேசலாம். கூடலன்னா, இல்ல எடையே எழுதலன்னா, அடுத்த நாளே குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நீங்களும் கூடவே போங்க, எப்படிக் கலக்குனோம்னு அங்க மறைக்காம சொல்லணும். அப்புறம் ஒண்ணுக்கு, 24 மணி நேரத்துல ஆறு தடவையாவது போகணும், ஆனா தண்ணியா பால் குடிக்கிற பிள்ளை அதை ஜோரா போகும், அதனால ஒண்ணுக்கு நல்லா போறான்ங்கிறத மட்டும் நம்பாதீங்க. எழுப்பியும் எழும்பாம தூங்குறது, பால் சப்ப தெம்பில்லாம விடுறது, உச்சிக்குழி பள்ளமா இறங்குறது, கை கால் வெட்டி இழுக்குறது, இதுல ஒண்ணு பாத்தாலும் பேச்சு கிடையாது, 108க்கு அடிங்க.

ராகி நல்ல சாப்பாடுதான், நேரம்தான் தப்பு. ஆறு மாசம் முடியறவரைக்கும் தாய்ப்பால், அது இல்லாத இடத்துல ஒழுங்கா கலக்குன டப்பா பால், அதுக்கு மேல தண்ணி கூட வேணாம். மாவுச்சத்த ஜீரணிக்கிற சுரப்பு அந்த வயசுல ரொம்பக் கம்மி, ராகிப் பால்ல வயிறு ரொம்பிட்டா அடுத்த வேளைப் பாலையும் குடிக்காது. என்னைய ராகிய விட பயமுறுத்துறது சங்குதான். பாட்டிங்க காலை நீட்டி மடியில மல்லாக்கப் போட்டு, பிள்ளை வாயத் தொறந்து அழுவுற நேரம் பாத்து தொண்டைக்குள்ள சாய்ப்பாங்க பாருங்க, சில பேர் மூக்கையும் லேசா பிடிப்பாங்க, மூச்சு இழுக்குறப்ப கஞ்சி நேரா நுரையீரலுக்குப் போகும். பாலாடையோ சங்கோ, தலைய உசத்தி முக்கால்வாசி உக்காந்த மாதிரி வச்சு, உதட்டுல ஒட்டுனாப்புல பிடிச்சு, அதுவா உறிஞ்சுறப்ப குடுத்தா தப்பில்ல. இதை மாமியார்கிட்ட நீங்க நேரா சொல்ல வேணாம். "ஏனுங்க அத்தை, எங்க நர்ஸம்மா ஆறு மாசத்துக்கு அப்புறம்தான் ராகின்னாங்க, நீங்க முளைகட்டி அரைக்கிற பக்குவத்த எனக்கும் சொல்லிக் குடுங்க, ரெண்டரை மாசம் கழிச்சு பையனுக்கும் என் பொண்ணுக்கும் சேத்தே அரைச்சிடலாம்"னு போட்டுப் பாருங்க. அவங்க கையில இருந்து புடுங்குனீங்கன்னா நீங்க கிளம்புன அடுத்த நிமிஷம் சங்கு திரும்ப வெளிய வரும்.

தாய்ப்பால் நிறுத்துனதப் பத்தி நீங்களா பேச்சே எடுக்காதீங்க. அவளா ஏக்கமா பேசுனா மட்டும் சொல்லுங்க, மூணரை மாசத்துலயும் திரும்ப வர வைக்கலாம், நாளைக்கு எட்டு பத்து தடவை பிள்ளைய மாருல போட்டு சப்ப விடணும், சில வாரம் ஆகும், முழுசா வரலன்னாலும் கொஞ்சம் வந்தா அந்த அளவுக்கு டப்பா செலவு குறையும். அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுல கேட்டா பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்க. அவளுக்கு விருப்பமில்லன்னா அதோட விட்டுடுங்க.

கிரைப் வாட்டர் தேவையே இல்லாத ஒண்ணு, ஆனா அதுக்காக இப்ப மல்லுக்கட்டாதீங்க. ஸ்பூன் நாலாகி, எடை ஏறுதுன்னு அட்டையில தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு நாள் அந்தப் பாட்டிலப் பத்திப் பேசிக்கலாம்.