கவுண்ட் 9 மில்லியன்: ஊசி போட்டால் ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 33. லாரி டிரைவர். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. மனைவிக்கு (29) ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய்க்கான டியூப் டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியாக என்னை விந்து டெஸ்ட் கொடுக்கச் சொன்னார்கள். 12 நாள் நாக்பூர் டிரிப் முடிந்து வந்த மறுநாள் காலையிலேயே போனேன். லேப் பாத்ரூமில் பதற்றம். முதலில் வந்தது கொஞ்சம் டப்பாவுக்கு வெளியே சிந்திவிட்டது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கவுண்ட் 9 மில்லியன், அசைவது 28 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன். ஹான்ஸ் போடும் பழக்கம் உண்டு. மாதத்தில் ஆறேழு நாள்தான் வீட்டில் இருப்பேன். ஜிம் வைத்திருக்கும் நண்பர், டெஸ்டோஸ்டிரோன் ஊசி நாலு போட்டால் கவுண்ட் ஏறிவிடும் என்கிறார். போடலாமா? வண்டி வேலையை விட்டுவிட வேண்டுமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: முதலில் அந்த ஊசியைப் பேசிவிடுவோம். போடாதீர்கள், ஒன்றுகூட வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன்தானே, அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். நடப்பது நேர்மாறு. விதைக்குள் விந்தணு உற்பத்தியாக, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தினமும் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஊசி மூலம் ஹார்மோன் வந்து சேர்ந்ததும், சரக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று எண்ணி அது ஆர்டரை நிறுத்திவிடும். விதையும் வேலையை நிறுத்திவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே வகை ஊசியை வாரம் ஒன்றாகப் போட்டு, ஆண்களுக்கான கருத்தடை ஆகுமா என்று சோதித்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. நீங்கள் குழந்தைக்காகப் போட நினைப்பது கருத்தடைக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து, தம்பி. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் உற்பத்தி திரும்பும். ஆனால் பல மாதங்கள் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். பார்க்கப் பயில்வான் மாதிரி இருக்கும் பையன்கள் கவுண்ட் பூஜ்யம் என்ற ரிப்போர்ட்டோடு வருவதற்கு இந்த ஊசி முக்கியமான காரணம்.

இனி உங்கள் ரிப்போர்ட். அதை நான் முழுதாக நம்பவில்லை. நம்பாததற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

டப்பாவுக்கு வெளியே போன முதல் பகுதியில்தான் விந்தணுக்கள் மிக அதிகமாக இருக்கும். பின்னால் வருவதில் பெரும்பங்கு வெறும் திரவம். ஆகவே லேப் எண்ணிப் பார்த்தது உங்கள் மொத்தச் சரக்கை அல்ல, மிச்சத்தை. அடுத்தது இடைவெளி. இந்த டெஸ்டுக்கு முன் 2 முதல் 7 நாள் வரைதான் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேங்கினால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் பழைய அணுக்கள் சோர்ந்து அசைவு குறையும். அந்த 28 சதவீதத்தில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

மூன்றாவது, டெங்கு. விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவது காரணத்தோடுதான். விந்தணு உருவாக, உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு தேவை. கடும் காய்ச்சல் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகிறது, பிறகு குழாயில் பயணம் செய்து முதிர்ந்து வெளியேறச் சுமார் இரண்டு வாரம். ஆக, நீங்கள் இன்று கொடுக்கும் சாம்பிள் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய உற்பத்தி. உங்கள் விஷயத்தில் அந்த மூன்று மாதத்துக்கு நடுவில்தான் காய்ச்சல் வந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: ஒரு மில்லிக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. இயற்கையாகத் தந்தையான ஆண்களை அளந்தபோது, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

எனவே இன்னும் இரண்டு மாதம் பொறுத்து டெஸ்டைத் திரும்பக் கொடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாள் இடைவெளி போதும். எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. லேப் பாத்ரூமில் முடியாது என்றால், முன்கூட்டியே கேட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே எடுக்கலாம். சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஹான்ஸை இன்றே விட்டுவிடுங்கள். புகையிலை எந்த வழியில் உள்ளே போனாலும் விந்தணுவுக்குக் கேடுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி கவுண்ட் பற்றியது இல்லை. 'மாதத்தில் ஆறேழு நாள்தான் வீட்டில்' என்பதுதான். கருமுட்டை வெளிவந்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே மாதத்தில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் முட்டை வெளிவரும் நாளையும் சேர்த்து ஆறுதான். அந்த நாட்களில் நீங்கள் நாக்பூரில் இருந்தால், கவுண்ட் எத்தனை கோடி இருந்தும் பயனில்லை. நான்கு வருடம் முயன்றோம் என்கிறீர்கள். காலண்டரை வைத்துக் கணக்குப் பார்த்தால் அது ஒரு வருடத்துக்குக்கூட வராமல் போகலாம். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்புதான் முட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சி என்றால் 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை, 32 நாள் என்றால் 13-இலிருந்து 18 வரை. மனைவியோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டு, லோடு புக்கிங்கில் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும்.

வேலையை விட வேண்டியதில்லை. பல மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டுவதும், பழைய வண்டிகளில் கேபினுக்குள்ளேயே கொதிக்கும் இன்ஜினும் விதைப்பையின் சூட்டை ஏற்றும் என்பது உண்மை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். லுங்கி கட்டி ஓட்டும் மூத்த டிரைவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. உங்களை இதுவரை எந்த டாக்டராவது தொட்டுப் பார்த்தாரா? ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வைத்தியம் ஆகாது. சிறுநீரியல் (யூராலஜி) அல்லது ஆண் மலட்டுத்தன்மை நிபுணர், உங்களை நிற்க வைத்து விதைப்பையைக் கையால் பரிசோதிக்க வேண்டும். அங்கே ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டு கிடப்பதற்கு வெரிகோசீல் என்று பெயர். பொதுவாக ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இருக்கும். குழந்தையின்மைக்காக வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். பெரும்பாலும் இடப்பக்கம்தான், ஏனென்றால் அந்தப் பக்கத்து நாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய் இணைகிறது, ரத்தம் எளிதில் பின்னோக்கித் தேங்கும். படுத்தால் புடைப்பு வடிந்துவிடும் என்பதால்தான் நிற்க வைத்துப் பார்ப்பது. கையில் தட்டுப்பட்டு, கவுண்ட்டும் குறைந்திருந்தால் ஆபரேஷன் பலன் தரலாம். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னதுக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம். விதையில் கட்டியோ கெட்டியான இடமோ தென்பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கூடவே சர்க்கரை, எஃப்.எஸ்.எச். (விதைக்கு ஆர்டர் அனுப்பும் பிட்யூட்டரி ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்ட் 5 மில்லியனுக்குக் கீழே வந்தால் மரபணுப் பரிசோதனையும் கேட்பார்கள். இரண்டாவது ரிப்போர்ட்டும் குறைவாகவே வந்தாலும் வழி அடைபடவில்லை. ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறையில் பிறந்த முதல் குழந்தைகளை பிரஸ்ஸல்ஸ் டாக்டர்கள் 1992-இல் அறிவித்தார்கள். உங்களுக்கு அது தேவைப்படுமா என்று பேச இன்னும் நேரம் வரவில்லை.

'கவுண்ட் ஏற்றும்' பவுடர்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். சுமார் 2,370 தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், கணவர்களுக்கு ஆறு மாதம் ஜிங்கும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது. முருங்கைக்காய் பிடித்தால் சாப்பிடுங்கள், சாம்பாராக. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'தாது புஷ்டி' என்று ஒட்டியிருக்கும் போஸ்டரில் உள்ள நம்பருக்குப் போன் போடாதீர்கள். விந்தணு எண்ணிக்கை வேறு, தாம்பத்யத் திறன் வேறு. ஒன்றில் குறை இருந்தும் மற்றதில் ஒரு குறையும் இல்லாத ஆண்கள் ஏராளம்.

கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். மலடன் என்ற சொல்லும் நம் அகராதியில் இருக்கிறது. ஆனால் தெருவில் காதில் விழுவது மலடி மட்டும்தான். குழந்தை தங்காத தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். உங்கள் டெஸ்ட் சில நூறு ரூபாய், உடம்பில் ஊசி படாது. உங்கள் மனைவியோ டியூப் டெஸ்டின் வலியைத் தாங்கிய பிறகுதான் உங்கள் முறை வந்திருக்கிறது. அது உங்கள் தப்பு மட்டுமில்லை, முதல் நாளே இருவரையும் சேர்த்து வரச் சொல்லாத டாக்டருடையதும்தான். வீட்டில் யாராவது மனைவியைக் குத்திப் பேசினால், 'எனக்குத்தான் டெஸ்ட் நடக்கிறது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்த டெஸ்ட் அன்று ஒரு துளி சிந்தினாலும் கவுண்டரில் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் வந்து கொடுங்கள். அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள்.